செல்லோடேப்பும் எட்டரை நிமிஷமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதினா அசிங்கமா இருக்குமேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த மேட்டர் இது. போன வாரம் ஓசூர்ல இருந்து தருமபுரி வர்ற பஸ்ல காதுல ஒயரை மாட்டிக்கிட்டு 'இந்தியன் ஓஷன்' கேட்டுக்கிட்டு வந்தேன். காவேரிப்பட்டணம் தாண்டும்போது தோணுச்சு, இனிமேயும் சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்னு. அதனால மக்களே, கொஞ்சம் பெரிய கொசுவத்தியா சுத்தப் போறேன். டீ, காபி ஏதாவது கையில எடுத்துக்கங்க.

முதல்ல இந்தியன் ஓஷன் யாருன்னு தெரியாதவங்களுக்கு. (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குப் போயிடுங்க.) டெல்லி குரூப். 1990-ல சுஷ்மித் சென் (கிடார்), அசீம் சக்கரவர்த்தி (தபலா, பாட்டு) ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. அப்புறம் பேஸ் கிடாருக்கு ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலாம். இதுல ராகுல் ராம் அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில சுற்றுச்சூழல் நச்சியல்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து, நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்துல போய் உட்கார்ந்தவர். அசீம் இருக்காரே, சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலா அடிச்சுக்கிட்டே தொண்டை கிழியப் பாடுவார். அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறது எவ்ளோ கஷ்டம்னு தெரியணும்னா, ஒரு கையால மேசையில தாளம் போட்டுக்கிட்டே போன்ல வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொல்லிப் பாருங்க :-)

இவங்க பாட்டை ராக்குன்னா ராக் கேக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. கர்நாடகம், இந்துஸ்தானின்னா அவங்களும் ஒத்துக்க மாட்டாங்க. கிடார் ஒரு பக்கம் சித்தார் மாதிரி அலையும், பேஸ் தரையை அதிர வைக்கும், நடுவுல பாவுல் பாட்டுக்காரங்க கையில இருக்கிற கப்குபி 'டொய்ங் டொய்ங்'னு எட்டிப் பார்க்கும். 2000-ல வந்த 'கந்தீசா' ஆல்பத்துல மொத்தமே ஏழு பாட்டுதான். அதுல ஒண்ணு நர்மதை ஆத்து மேல பாடற நாட்டுப் பாட்டு, 'மா ரேவா'. இன்னொண்ணு கேரளா சிரியன் கிறிஸ்தவங்க கிட்ட இருக்கிற சிரியாக் மொழி வழிபாட்டுப் பாட்டு. இதெல்லாம் ஒரே கேசட்டுல. இருபது வயசுல இதைக் கேட்டா மண்டை சுத்துமா சுத்தாதா?

எனக்குச் சுத்துச்சு. அந்தச் சுத்துல செஞ்ச வேலைதான் இந்தக் கதை.

*

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். பெரிய ஊர் இல்ல. மானாவாரி நிலக்கடலை, கேழ்வரகு, கிணறு இருக்கிறவங்களுக்குத் தக்காளி. பெரியவங்க நிறையப் பேருக்குப் பல்லுல காவி ஏறியிருக்கும், தண்ணியில ஃபுளோரைடு. (ஒகேனக்கல் காவேரி இருபது கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா அந்தத் தண்ணி குழாயில வர 2013 ஆச்சு. அது தனிக் கதை.) ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதம் படிச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. பதினெட்டாம் நாள் காலையில மண்ணுல பெரிசா துரியோதனனைப் படுக்க வெச்சுப் படுகளம்.

எங்க பெரியப்பா அந்தக் கூத்துக்கு முகவீணை வாசிக்கிறவர். முகவீணைன்னா வீணை இல்லீங்க. நாயனத்தோட குட்டித் தம்பி. ஒரு முழம் கூட இருக்காது, ஆனா சத்தம் மூணாவது ஊருக்குக் கேக்கும். நாயனம் கம்பீரம்னா இது ஒப்பாரிக்கும் கேலிக்கும் நடுவுல நிக்கிற சத்தம். கூத்துல வேஷக்காரர் பாடற அடியை அப்படியே பின்னாலயே திருப்பிச் சொல்லும். அவர் மூச்சு வாங்கிக்கறதுக்கு இது இடம் குடுக்கும். ஆர்மோனியம் வந்தப்புறம் பல ஜமாவுல முகவீணை போயிடுச்சு. எங்க பக்கம் பெரியப்பா இருந்த வரைக்கும் இருந்துச்சு.

மத்த நாள்ல அவர் சாதாரண விவசாயி. காட்டுல ஏர் ஓட்டிட்டு வந்து, கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து, சீவாளியை எச்சில்ல நனைச்சு நனைச்சு ஊதிப் பார்ப்பார். எங்க கையில குடுக்கவே மாட்டார். "இது பொம்ம இல்ல சாமி"ன்னுவார்.

1989 திருவிழாவுல கர்ண மோட்சம் நடந்த ராத்திரி, பெங்களூர்ல மேஸ்திரி வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருத்தர் டேப் ரிக்கார்டர் கொண்டாந்து மேடை ஓரமா வெச்சு ஒரு கேசட் பதிவு பண்ணினார். அறுவது நிமிஷ கேசட். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கிற கூத்துல ஒரு மணி நேரம். எனக்கு அப்ப எட்டு வயசு. சாக்கு விரிச்சு அதுல தூங்கிட்டு இருந்தேன், கர்ணன் சாகும்போது எழுப்பி விட்டாங்க. அவ்ளோதான் ஞாபகம்.

அந்தக் கேசட்டை அவர் பெரியப்பாவுக்கே குடுத்துட்டார். பெரியப்பா என்ன பண்ணினார்னா, கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு மூலையிலயும் சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும் பாருங்க, அதை ரெண்டு பக்கமும் உடைச்சு விட்டார். அதை உடைச்சா அதுக்கு மேல வேற எதையும் பதிய முடியாது, ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. மூணாவது வரைக்கும் படிச்ச மனுஷன்.

1998-ல பெரியப்பா தவறிட்டார்.

*

2001. காலேஜ்ல படிக்கிறேன். பெரியம்மா வீட்டுக்குப் போனப்போ டிரங்குப் பெட்டியில இருந்து அந்தக் கேசட்டை எடுத்து அவங்களேதான் குடுத்தாங்க. "உங்க வீட்லதான் பொட்டி இருக்கே, உங்க பெரியப்பா வாசிச்சது. கேட்டுட்டுப் பத்திரமா கொண்டாந்து குடு சாமி"ன்னாங்க. அவங்க வீட்டு டேப் ரிக்கார்டர் ரிப்பேர் ஆகி வருஷக்கணக்காச்சு.

கொண்டு வந்தேன். ரெண்டு நிமிஷம் கேட்டேன். கூத்துதானேன்னு அலமாரியில போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை, பெங்களூர்ல படிக்கிற சிநேகிதன் ஒருத்தன் வந்தான். கையில கந்தீசா ஒரிஜினல் கேசட். சாயங்காலம் ஆறு மணி வண்டிக்குக் கிளம்பணும், கேசட்டைக் குடுத்துட்டுப் போக மாட்டான், வேற யாரோடதோ. எங்க வீட்ல டபுள் டெக் இருந்துச்சு. காலி கேசட்தான் இல்ல. ஞாயித்துக்கிழமை, ரிக்கார்டிங் சென்டர் பூட்டு. கரண்டு வேற மதியம் வரைக்கும் இல்ல. வீட்ல இருந்ததெல்லாம் அப்பாவோட பக்திப் பாட்டு, சின்ன சின்ன ஓட்டை கேசட். அலமாரியைத் துழாவினா நல்ல கம்பெனி, அறுவது நிமிஷம், கச்சிதமான கேசட் ஒண்ணு.

இப்ப நான் சொல்றது பொய்யில்ல. எனக்கு அது என்ன கேசட்னு நல்லாத் தெரியும். மேல பெரியப்பா பையன் (எனக்கு அண்ணன்) கையெழுத்துல 'கர்ண மோட்சம்'னு எழுதியிருக்கு. அஞ்சு நிமிஷம் யோசிச்சேன். யோசிச்சு என் அதிபுத்தி கண்டுபிடிச்சது இதுதான்: கூத்து நம்ம ஊர்ல அடிக்கடி நடக்குது, எப்ப வேணா கேட்டுக்கலாம். கந்தீசா திரும்பக் கிடைக்காது.

ரெக்கார்ட் பட்டன் அமுங்கல. மூலையில ஓட்டை. சிநேகிதன்தான் சொன்னான், "செல்லோடேப் ஒட்டுடா, அமுங்கும்". ஒட்டினேன். அமுங்குச்சு.

ஏ பக்கம் முழுக்க, திருப்பிப் போட்டு பி பக்கத்துல மிச்சம். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் டக்குனு ஸ்டாப் அமுக்கி, அவன் கேசட்டைக் கையில குடுத்து, சைக்கிள்ல பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டேன். திரும்பி வந்து ராத்திரி முழுக்கக் கேட்டேன். அந்த வருஷம் அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

பெரியம்மா ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. "தேடித் தரேன் பெரியம்மா". அப்புறம் "சிநேகிதன் வாங்கிட்டுப் போயிட்டான்". அப்புறம் அவங்க கேக்கறதை நிறுத்திட்டாங்க. நான் அவங்க வீட்டுக்குப் போறதைக் குறைச்சுக்கிட்டேன்.

*

இப்ப நேரா 2010-க்கு வாங்க.

ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. 2009 டிசம்பர் 25-ஆம் தேதி அசீம் சக்கரவர்த்தி இறந்துட்டார்னு செய்தி படிச்சேன். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் மாரடைப்பு வந்திருக்கு. ஐம்பத்திரண்டு வயசு. நேர்ல ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல, ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

மறு வருஷம் குரூப்காரங்க ஒரு காரியம் பண்ணினாங்க. அசீம் குரல் இருக்கிற கடைசிப் பாட்டுங்க, மொத்தம் ஏழு. அதுக்குப் பேர் '16/330 கஜூர் ரோடு'. அது ஒரு விலாசம். டெல்லி கரோல்பாக்ல அவங்க வருஷக்கணக்கா ஒத்திகை பார்த்த பழைய பங்களாவோட விலாசம். இதை எந்தக் கேசட் கம்பெனிக்கும் குடுக்காம, மாசம் ஒரு பாட்டா, இன்டர்நெட்ல சும்மாவே குடுத்தாங்க. யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். முதல் பாட்டு 'சாந்த்'. 2010 ஜூலை 25.

இந்த மாதிரி சின்னதா, கேக்கறவங்களுக்குன்னே வெளியிடற பழக்கம் உலகத்துக்குப் புதுசு இல்ல. ரேடியோஹெட்னு இங்கிலாந்து குரூப், 1998-ல அமெரிக்க ரசிகர்களுக்குன்னே ஒரு குட்டித் தொகுப்பு போட்டாங்க. பெரிய ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டு, அதுல இடம் கிடைக்காம வெளியே நின்ன ஆறு பாட்டு. அதுவும் ஏழு! (ஏழுக்கும் இந்த ஆளுங்களுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு.) அதே ஆளுங்க 2007-ல ஒரு முழு ஆல்பத்தையே 'உனக்கு இஷ்டப்பட்டதைக் குடு'ன்னு இன்டர்நெட்ல வெச்சாங்க. நம்ம ஊர்லயே சவுண்ட் சர்வீஸ்காரங்க கிட்ட ஏழு இஞ்ச் ஈபி தட்டு இருக்கும், பக்கத்துக்கு ரெண்டா நாலு சினிமா பாட்டு. ராஜா 1986-ல 'ஹவ் டு நேம் இட்' போட்டது சின்னது இல்லைன்னாலும், அது சினிமா பார்க்க வந்த கூட்டத்துக்குப் போட்டதில்ல, உட்கார்ந்து கேக்கறவனுக்குப் போட்டது. பெரிய ஆல்பம் ஊருக்கு. குட்டி வெளியீடு வீட்டு ஆளுங்களுக்கு. கல்யாணச் சாப்பாட்டுக்கும், எல்லாரும் போனப்புறம் அடுப்படியில உட்கார்ந்து மிச்ச ரசத்தை ஊத்திச் சாப்பிடறதுக்கும் உள்ள வித்தியாசம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்ளோன்னு குடுத்து 'சாந்த்' இறக்கினேன். பென் டிரைவுல போட்டு ரூமுக்குக் கொண்டு வந்து கேட்டேன்.

செத்துப் போன மனுஷன் பாடறார். ஏழு மாசம் ஆச்சு எரிச்சு. குரல் அப்படியே இருக்கு. மூச்சு இழுக்கிறது கூடக் கேக்குது.

எனக்கு அசீம் ஞாபகம் வரல. கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து சீவாளியை நனைச்சுக்கிட்டு இருக்கிற பெரியப்பாதான் வந்தார்.

அந்த டெல்லிக்காரங்க, போன ஆளோட குரலை மாசம் ஒண்ணா ஊருக்கெல்லாம் குடுக்கிறாங்க. நான் என்ன பண்ணியிருக்கேன்? ஒரே ஒரு கேசட். உலகத்துலயே ஒண்ணு. அதுக்கு மேல, அன்னிக்கே இந்தியா முழுக்கக் கடை கடையா வித்த ஒரு சரக்கை ஏத்தியிருக்கேன். கந்தீசா திரும்பக் கிடைக்காதுன்னேனே, இப்ப எந்தச் சின்னப் பையன் போன்ல கேட்டாலும் அரை நிமிஷத்துல வரும். எப்ப வேணா கேட்டுக்கலாம்னு சொன்னதுதான் எப்பவுமே கேக்க முடியாததாப் போச்சு. எதை அபூர்வம், எதைச் சாதாரணம்னு இருபது வயசுல அவ்ளோ தலைகீழா அளந்திருக்கேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் புதுப் பாட்டு வரும்போது சந்தோஷமும் வந்துச்சு, வயித்துல ஒரு கல்லும் விழுந்துச்சு.

*

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் பரண் ஏறினேன். பழைய பாடப் புத்தகம், எலி கடிச்ச பை, அதுக்கடியில ஒரு ஷூ டப்பா. அதுக்குள்ள கேசட். மேல 'கர்ண மோட்சம்'கிறதை அடிச்சு நான் எழுதின 'இந்தியன் ஓஷன்'. மூலையில மஞ்சளாப் போன செல்லோடேப்.

எதுக்குத் தேடினேன்னு கேட்டா, ஒரு சின்னக் கணக்கு. மேல பதிஞ்சா பதிஞ்ச நீளத்துக்குத்தான் பழசு அழியும். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நான் ஸ்டாப் அமுக்கினேன் இல்லையா? அதுக்கப்புறம் நாடா ஓடலையே. கந்தீசா அறுவது நிமிஷம் இல்ல. அப்ப மிச்சம்? ஒன்பது வருஷமா அந்தக் கேசட்டைக் கேட்டவன், கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கை தானா ரீவைண்டுக்குப் போயிடும். ஒரு தடவை கூட அதுக்கப்புறம் என்னன்னு ஓட விட்டதில்ல.

டபுள் டெக் ஓடல. உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிப் போயிருந்துச்சு. தருமபுரி நாலு ரோடு பக்கம் டிவி, ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு வயசானவர் கிட்டத் தூக்கிட்டுப் போனேன். "இதெல்லாம் எதுக்குப்பா, எடைக்குப் போடு"ன்னார். விஷயத்தைச் சொன்னேன். கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடாவை ஹெட்டோட அழுத்துற சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்துச்சு. வேற கேசட்ல இருந்து எடுத்து ஒட்டினார், பெல்ட் மாத்தினார், ஹெட்டை ஸ்பிரிட்ல துடைச்சார். செல்லோடேப்பைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. அதை மட்டும் நகத்தால உரிச்சுப் போட்டார்.

கடையிலயே ஓட விட்டோம். பி பக்கம். கடைசிப் பாட்டு. முடிஞ்சுது. டொக்குனு ஒரு சத்தம்.

பாதி வார்த்தையில இருந்து கர்ணன் பாடறார். பொன்னுருவி கிட்ட விடைபெற்றுப் போர்க்களத்துக்குக் கிளம்பற இடம். கூட்டத்துல ஒரு குழந்தை அழுது. (நானா இருக்குமோ?) மிருதங்கம். தாளம். அப்புறம் எல்லாத்துக்கும் மேல, கூரையைப் பிச்சுக்கிட்டு, முகவீணை.

எட்டரை நிமிஷம். அப்புறம் நாடா தீர்ந்து பட்டன் தானா எகிறிடுச்சு.

ரிப்பேர்காரர் காசு வாங்க மாட்டேன்னுட்டார். பெல்ட்டுக்கு மட்டும் வாங்கிக்கிட்டார்.

*

ஹெட்போன் ஓட்டையில இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். 'இரைச்சலை நீக்கு'ன்னு ஒரு வசதி இருக்கு, போட்டுப் பார்த்தேன். குழந்தை அழறதோட சேர்த்து முகவீணையோட காரத்தையும் நீக்கிடுச்சு. வேணாம்டா சாமின்னு விட்டுட்டேன். அஞ்சு சிடி போட்டேன். பெரியம்மாவுக்கு ஒண்ணு, அண்ணங்க ரெண்டு பேருக்கு, அன்னிக்குக் கர்ணன் கட்டின வாத்தியாருக்கு, மிருதங்கக்காரர் வீட்டுக்கு. ஒரே ஒரு பாட்டு, அதுவும் பாதியில ஆரம்பிக்குது. கஜூர் ரோடு பாட்டை எத்தனையோ ஆயிரம் பேர் இறக்கியிருப்பாங்க. நம்ம வெளியீடு அஞ்சே பிரதி. ரசிகர்கள் ஆனா அக்மார்க்.

பெரியம்மா வீட்ல அண்ணன் டிவிடி பிளேயர்ல போட்டார். பெரியம்மா தரையில உட்கார்ந்து முறத்துல கேழ்வரகு புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. முதல் ஊதல்ல கை நின்னுடுச்சு. எட்டரை நிமிஷமும் அப்படியே. முறம் மடியில. அழல. முடிஞ்சதும் என்னைப் பார்த்து ஒரே வார்த்தை.

"மீதி?"

சொன்னேன். சிநேகிதன் வாங்கிட்டுப் போயிட்டான்னு சொன்னது பொய்னு சொன்னேன். செல்லோடேப் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போயிட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க:

"அது மேல என்னாத்தடா ஏத்துன?"

"ஒரு டெல்லி குரூப் பாட்டு பெரியம்மா."

"இருக்குதா இப்ப?"

"கேசட் பையில இருக்கு. போன்லயும் இருக்கு."

"போடு. எதுக்கோசரம் அழிச்சேன்னு நானும் கேக்கறேன்."

மக்களே, வாழ்க்கையில நிறைய இன்டர்வியூ, நிறைய டோஸ் வாங்கியிருக்கேன். அப்படி ஒரு வேர்வை எப்பவும் வந்ததில்ல. எந்தப் பாட்டைப் போடறது? யோசிச்சு 'மா ரேவா' போட்டேன். சின்ன நோக்கியா போன். அந்த ஸ்பீக்கர்ல பேஸ் எல்லாம் எங்க கேக்கும். பெரியம்மா முழுசும் கேட்டாங்க. நடுவுல, "என்னா பாட்டு?"ன்னாங்க.

"ஆத்து மேல பாடறது. நர்மதைன்னு வடக்க ஒரு ஆறு."

"ம்."

முடிஞ்சுது. முறத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. தீர்ப்பு வந்துச்சு:

"தேவலாம். பாடறவன் நெஞ்சுல இருந்துதான் பாடறான். ஆனா அந்த மோளம் விடிய விடியத் தாங்காது."

அதுல பாடறவங்கள்ல ஒருத்தர் இப்ப இல்லைன்னு சொன்னேன். "அட பாவமே, பொஞ்சாதி புள்ள இருக்குதா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. சாப்பிட்டுட்டுப் போன்னாங்க. களியும் கொள்ளுக் கொழம்பும். அண்ணன் மட்டும் அன்னிக்கு என் கூட உட்காரல. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சகஜமாப் பேசினார்.

இதுல நான் மன்னிப்பு வாங்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. பெரியம்மாவுக்கு இப்ப எண்பத்திரண்டு. போன வாரம் போயிருந்தேன்னு சொன்னேன் இல்ல? நிறைய விஷயம் மறந்து போகுது. என்னைப் பார்த்து "எப்ப வந்த சாமி"ன்னு மூணு தடவை கேட்டாங்க. கிளம்பும்போது கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவா, யாருக்கும் கேக்காம, "அந்தக் கேசட்டு மீதி எங்கயாச்சும் இருக்குதாடா?"ன்னாங்க.

அதை மட்டும் மறக்கல.

*

இந்தியன் ஓஷன் இன்னும் இருக்காங்க. 2013-ல சுஷ்மித் சென் விலகிட்டார். 2014-ல 'தந்தானு'ன்னு ஒண்ணு வந்துச்சு, அதுல நம்ம செல்வகணேஷ், குமரேஷ் எல்லாம் விருந்தாளியா வாசிச்சிருந்தாங்க. 2023-ல 'து ஹை'. எல்லாமே நல்லா இருக்கு. ஆனா பஸ்ல போகும்போது கை போறது என்னவோ கஜூர் ரோட்டுக்குத்தான். 'சாந்த்' கேட்டு முடிச்சதும் அடுத்ததா அந்த எட்டரை நிமிஷம் வர்ற மாதிரி போன்ல வரிசைப்படுத்தி வெச்சிருக்கேன். அசீம் நிறுத்தின இடத்துல பெரியப்பா எடுப்பார். ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டிருந்தா என்ன பேசியிருப்பாங்களோ. மொழி தெரியாது, ஆனா சீவாளியைப் பத்தியும் தபலாத் தோலைப் பத்தியும் கையாலயே பேசியிருப்பாங்க.

பி.கு. 1: 1985-ல இருந்து 95-க்குள்ள பென்னாகரம், பாலக்கோடு, தருமபுரி சுத்துப்பட்டுல யாராச்சும் பாரதக் கூத்தை டேப் பண்ணியிருந்தா, தயவு செஞ்சு பரணைப் பாருங்க. பெரியப்பா பல ஊருக்கு வாசிக்கப் போனவர். வேற ஒரு ராத்திரியா இருந்தாலும் பரவால்ல. முகவீணைச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வண்டி ஏறி வர்றேன். டேப் ரிக்கார்டரும் நானே கொண்டு வர்றேன், பெல்ட் புதுசு.

பி.கு. 2: கேசட்டோட மூலையில ஓட்டை இருந்தா, யாரோ யோசிச்சுத்தான் உடைச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒட்டிடாதீங்க.